கிளையண்ட் பேலன்ஸ் ஷீட் தயாரிப்பு, ரெவ்யூ: புதிதாக வருபவர்களுக்கு எங்கிருந்து சொல்லிக்கொடுப்பது?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். மதுரையில் ஒரு ஆடிட் ஆபீஸுக்காகப் பயிற்சித் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று ஆர்டிகிள்கள் (சிஏ படிப்பின் ஆபீஸ் பயிற்சியில் இருப்பவர்கள்), பி.காம். முடித்த இரண்டு பேர். எல்லாருக்கும் டாலி (கணக்கு மென்பொருள்) தெரியும், வவுச்சர் போடத் தெரியும். டிரயல் பேலன்ஸிலிருந்து (எல்லா லெட்ஜர் இருப்புகளின் பட்டியல்) பேலன்ஸ் ஷீட் வரை தனியாகக் கொண்டுவரத் தெரியாது. ஒருவர் போட்டதை இன்னொருவர் ரெவ்யூ செய்யச் சொன்னால் கூட்டல் சரியா என்று மட்டும் பார்க்கிறார்கள்.

கிளையண்ட் வகை: கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரம், வாடிப்பட்டிப் பக்கம் அரிசி ஆலை, மாட்டுத்தாவணி பூ கமிஷன் கடை, கப்பலூர் சிட்கோவில் சின்ன பிரைவேட் லிமிடெட். 2023 ஜூலை முதல் வந்த புதிய திட்டத்தில் ஆர்டிகிள்ஷிப் இரண்டே வருடம்தான். அதனால் முதல் மூன்று மாதத்துக்குள் இது கைவர வேண்டும். எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது? எதில் அதிகம் தப்பு வருகிறது?

---

பேரேடு_மதுரை எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. பெரும்பாலான ஆபீஸில் வரிசையே தலைகீழாக இருக்கிறது. லாப நட்டக் கணக்கை முதலில் எடுத்து, ஜி.பி. (மொத்த லாப விகிதம்) போன வருடம் 8% இந்த வருடம் 7.6%, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைப் பேலன்ஸ் ஷீட்டில் உட்காரவைப்பார்கள். பிள்ளைகள் அப்படியே பழகிவிடுகிறார்கள்.

பேலன்ஸ் ஷீட்டை முதலில் முடிக்கச் சொல்லிக்கொடுங்கள். மார்ச் 31 அன்று இருந்த ஒவ்வொரு இருப்பையும் நிரூபித்துவிட்டால் லாபம் தன்னால் சரியாகிவிடும். வருமானத்தில் வந்த தப்பு எதுவானாலும் ஏதோ ஒரு இருப்பில் தெரியாமல் போகாது. பேங்க், கடனாளி, ஸ்டாக், கடன், மூலதனம், இவற்றில் ஒன்று கட்டாயம் தப்பாக நிற்கும்.

நிரூபிப்பது என்றால் கிளையண்ட் டாலிக்கு வெளியே இருந்து ஒரு தாள் வேண்டும். பேங்க் கணக்குக்கு ஸ்டேட்மெண்ட். கடனுக்குப் பேங்க் தந்த வட்டிச் சான்றும் மார்ச் 31 பாக்கிச் சான்றும். டிடிஎஸ் (பிறர் நம்மிடம் பிடித்த வரி) வரவேண்டியதற்கு வருமான வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கை. ஜிஎஸ்டிக்கு போர்ட்டலில் உள்ள கிரெடிட் லெட்ஜர். சொத்துக்கு இன்வாய்ஸ். கடனாளிக்கு உறுதிக் கடிதம், அது இல்லாவிட்டால் ஏப்ரலுக்குப் பிறகு வந்த பணம். லெட்ஜர் பிரிண்ட் அவுட்டை ஆதாரமாக வைத்தால் அந்தத் தாளை ஏற்காதீர்கள். லெட்ஜரை லெட்ஜரால் நிரூபிக்க முடியாது.

இன்னொன்றும் முதல் நாளே சொல்லுங்கள். கைப்பேரேடு காலத்தில் டிரயல் பேலன்ஸ் டேலி ஆனால் அதற்கு ஓரளவு அர்த்தம் இருந்தது. வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கும் (5,400ஐ 4,500 என்று எழுதினால் 900), 2ஆல் வகுபட்டு அந்தப் பாதித்தொகை எங்காவது இருந்தால் பக்கம் மாறியிருக்கும் என்று தேடுவோம். இன்று மென்பொருள் இரண்டு பக்கமும் சமமாகாமல் வவுச்சரையே ஏற்காது. டிரயல் பேலன்ஸ் எப்போதும் டேலி ஆகும், அதனால் எதுவும் நிரூபணமாகாது. அந்த 9 கணக்கு இப்போது பேங்க் ஸ்டேட்மெண்டுக்கும் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் உதவும்.

---

சிம்மக்கல் எழுதியது:

பேரேடு சார் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது: தொடக்க இருப்பு. கையெழுத்தான போன வருடப் பேலன்ஸ் ஷீட்டை வைத்து ஏப்ரல் 1 தொடக்க இருப்புகளை வரி வரியாக டிக் அடிக்க வேண்டும். இங்கே நடப்பது என்னவென்றால், செப்டம்பரில் ஆடிட்டர் தேய்மானம், வரி ஒதுக்கீடு, ஸ்டாக் திருத்தம் எல்லாம் தனி எக்செல்லில் போட்டு ரிட்டர்ன் தாக்கல் செய்துவிடுவார். கிளையண்டின் டாலியில் அந்தச் சரிக்கட்டுப் பதிவுகள் ஏறாது. அடுத்த வருடம் தொடக்க இருப்பே வேறாக இருக்கும், வித்தியாசம் மூலதனக் கணக்கில் போய் ஒளிந்துகொள்ளும். மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் கண்ணில் படாது. பார்ட்டி வாரியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, நாம் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது. கிளையண்டின் புத்தகத்தை நாமே எழுதிவிட்டு நாமே ஆடிட் கையெழுத்துப் போட முடியாது. கம்பெனி என்றால் 2013 கம்பெனிச் சட்டம் 144ஆம் பிரிவு ஆடிட்டர் கணக்கெழுதும் வேலை செய்வதைத் தடுக்கிறது. வரி ஆடிட்டிலும் கணக்கெழுதும் பொறுப்பில் இருப்பவர் அதே கணக்கை ஆடிட் செய்யக்கூடாது என்பதே ஐசிஏஐ (சிஏக்களை நெறிப்படுத்தும் அமைப்பு) நிலை. தொகுத்துக் கொடுப்பது மட்டும் வேலை என்றால் அதற்குத் தனித் தரநிலை இருக்கிறது, எஸ்ஆர்எஸ் 4410. அதில் நாம் உத்தரவாதம் எதுவும் தருவதில்லை, அதை அறிக்கையிலேயே சொல்ல வேண்டும். வரையறுக்கப்பட்ட ரெவ்யூவுக்கு எஸ்ஆர்ஈ 2400. "ரெவ்யூ" என்று ஆபீஸுக்குள் நாம் சொல்வது சீனியர் பார்ப்பது. இந்த இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளக் கூடாது.

---

வைகைக்கரை எழுதியது:

மேடம், சார், நன்றி. ஒரு நடைமுறைச் சந்தேகம். கீழமாசி வீதிக் கிளையண்டுக்கு நானூறு கடனாளிகள். தேனி, ராம்நாடு, சிவகங்கை என்று சின்னச் சின்னக் கடைகள். உறுதிக் கடிதம் அனுப்பினால் பத்தில் ஒன்று வந்தால் பெரிது. இதை எப்படி நிரூபிப்பது?

---

பேரேடு_மதுரை எழுதியது:

நானூறையும் துரத்த வேண்டாம். பாக்கியைப் பெரியது முதல் சிறியது வரை வரிசைப்படுத்துங்கள். மொத்தத்தில் முக்கால் பங்கு மேலே உள்ள அறுபது எழுபது பேரிடமே இருக்கும். அவர்களுக்கு ஏப்ரல் 1 முதல் இன்றுவரை வந்த பணத்தைப் பேங்க் ஸ்டேட்மெண்டில் பாருங்கள். எந்த பில்லுக்கு வந்தது என்பது முக்கியம். மே மாதம் வந்த பணம் ஏப்ரல் பில்லுக்கு என்றால் மார்ச் பாக்கி நிரூபணமாகவில்லை.

அதன்பிறகு மூன்று வகையைத் தனியாக எடுங்கள். ஒன்று, வருடம் முழுக்க அசையாத பாக்கி. வசூல் ஆகுமா என்று கேட்டு, ஆகாது என்றால் ஒதுக்கீடு அல்லது தள்ளுபடி. இரண்டு, கிரெடிட் பேலன்ஸ் காட்டும் கடனாளி. அதை மற்ற கடனாளிகளோடு கழித்து நிகரமாகக் காட்டக்கூடாது, வாடிக்கையாளர் முன்பணம் என்று பொறுப்புப் பக்கம் போக வேண்டும். பாதி நேரம் அது முன்பணமாகவே இருக்காது. ஒரே பெயரில் இரண்டு லெட்ஜர் இருக்கும், விற்பனை ஒன்றில், ரசீது இன்னொன்றில். மூன்று, மார்ச் கடைசி வாரத்தில் பெரிதாக பில் ஏறி ஏப்ரலில் கிரெடிட் நோட்டில் திரும்பியது. ஸ்டேட்மெண்டில் பேங்குக்கு விற்பனை காட்டுவதற்காக இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. ஈ-வே பில், லாரி ரசீது தேதி இரண்டையும் கேளுங்கள்.

கடனீந்தோர் பக்கமும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அங்கே கூடுதலாக ஒன்று: யார் உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பெற்ற மைக்ரோ, ஸ்மால் என்ற பட்டியல். ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாள். அதைத் தாண்டி மார்ச் 31இல் நின்ற பாக்கி 1961 வருமான வரிச் சட்டம் 43பி(எச்) படி அந்த வருடச் செலவாக ஏற்கப்படாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் கிடைக்கும். மற்ற 43பி இனங்களைப் போல ரிட்டர்ன் தேதிக்குள் கட்டினால் தப்பிக்கலாம் என்பது இதற்கு இல்லை. உற்பத்தி, சேவை செய்பவர்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு, வியாபாரியாக மட்டும் உத்யம் வாங்கியவருக்குப் பொருந்தாது என்பது பரவலான நிலைப்பாடு. அதனால் சான்றிதழில் முதன்மைத் தொழில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

---

நெல்லரவை எழுதியது:

அரிசி ஆலை பற்றி யாரும் தொடவில்லை, நான் எழுதுகிறேன். பேலன்ஸ் ஷீட்டில் மிக அதிகம் தப்பு வருவது ஸ்டாக்கில்தான். கிளையண்ட் ஒரு தொகையை ஒரு துண்டுத் தாளில் கொடுப்பார், அது அப்படியே ஏறும். பிள்ளைகளுக்கு முதலில் அளவைக் கணக்குப் பார்க்கப் பழக்குங்கள், பிறகு விலை.

அளவு: தொடக்க நெல் + வாங்கியது − அரைத்தது = இறுதி நெல். அரைத்த நெல்லிலிருந்து அரிசி, குருணை, தவிடு, உமி. அரசு கொள்முதல் நெல்லுக்கு எதிர்பார்க்கும் அரிசி அளவு பச்சரிசிக்கு 67%, புழுங்கலுக்கு 68%. தனியார் அரைவையில் ரகமும் ஈரப்பதமும் பொறுத்து ஏறி இறங்கும். உமி ஐந்தில் ஒரு பங்கு வாக்கில் வரும். கிளையண்ட் கணக்கில் அரிசி 58% என்று வந்தால் ஒன்று கணக்கில் வராத விற்பனை, அல்லது நெல் கொள்முதல் மிகை, அல்லது கூலிக்கு அரைத்த நெல் சொந்த நெல்லோடு கலந்திருக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் அடிக்கடி இருக்கும். கூலி நெல் ஆலையில் கிடந்தாலும் நம் ஸ்டாக் இல்லை. எண்ணும்போது தனியாகப் பிரிக்க வேண்டும்.

இன்னொரு குறுக்குச் சோதனை மின் பில். மாதாமாதம் ஓடிய யூனிட்டை அரைத்த குவிண்டாலால் வகுத்துப் பன்னிரண்டு மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு மாதம் மட்டும் விலகினால் அந்த மாத அரைவைப் பதிவைக் கேளுங்கள்.

விலை: ஏஎஸ் 2 (ஸ்டாக் மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரநிலை) படி அடக்க விலை அல்லது நிகர விற்பனை மதிப்பு, இரண்டில் குறைவானது. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன் (எண்கள் பயிற்சிக்கு மட்டும்).

100 குவிண்டால் நெல், ரூ.2,400 வீதம் 2,40,000. உள்வரும் லாரி வாடகை 5,000. அரைவைச் செலவு (கூலி, மின்சாரம், ஆலைத் தேய்மானம்) 10,000. மொத்தம் 2,55,000.
கிடைத்தது: அரிசி 66, குருணை 3, தவிடு 7, உமி 20 குவிண்டால். மீதி 4 ஈரமும் தூசியும்.
குருணை 3 × 2,000 = 6,000. தவிடு 7 × 1,800 = 12,600. உமி 20 × 300 = 6,000. துணைப்பொருள் மொத்தம் 24,600. இதை விற்பனை மதிப்பில் எடுத்து மொத்தச் செலவிலிருந்து கழிக்க வேண்டும்.
அரிசியின் அடக்கம் 2,30,400. அதை 66ஆல் வகுத்தால் குவிண்டாலுக்கு சுமார் ரூ.3,491.

மார்ச் கடைசியில் விற்பனை விலை 3,600, புரோக்கரும் சாக்கும் 50 என்றால் நிகரம் 3,550. அடக்கம் குறைவு, 3,491 எடுக்கலாம். விலை 3,450க்கு இறங்கியிருந்தால் நிகரம் 3,400, அப்போது 3,400தான்.

வரும் தப்புகள்: 2,55,000ஐ நேராக 66ஆல் வகுத்து 3,864 போடுவது. துணைப்பொருளைக் கழிக்காததால் குவிண்டாலுக்கு 373 ரூபாய் ஸ்டாக் ஊதிவிடும். அடுத்தது, வெளியே அனுப்பும் லாரி வாடகையை அடக்கத்தில் சேர்ப்பது. அடுத்தது, பேங்க் வட்டியை அரைவைச் செலவில் சேர்ப்பது. ஆலைக்குள் போகும் பழைய நெல்லுக்கு (முதிர வைக்கும் நெல்) வட்டி சேர்க்கலாமா என்று கேட்பார்கள். வழக்கமான ஆலைக்கு வேண்டாம், வட்டி செலவுதான்.

---

தல்லாகுளம்_ஜிஎஸ்டி எழுதியது:

அரிசி ஆலை என்றால் ஒன்று சேர்க்கிறேன். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள லேபிள் ஒட்டிய பைக்கு 5% ஜிஎஸ்டி, அதற்கு மேல் வரி இல்லை. நம் பக்கம் 26 கிலோ பை ஓடுவதற்குக் காரணம் அதுதான். ஒரே ஆலையில் 5 கிலோ, 10 கிலோ பையும் 26 கிலோ பையும் விற்றால் வரி உள்ளதும் இல்லாததும் கலந்துவிடும். உதிரிபாகம், சாக்கு, ஆடிட் கட்டணம் எல்லாவற்றின் உள்ளீட்டு வரியையும் (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டி) முழுதாக எடுக்க முடியாது, ஜிஎஸ்டி விதி 42 படி விகிதாச்சாரத்தில் திருப்ப வேண்டும். திருப்பிய தொகை செலவில் சேரும். ஜிஎஸ்டி ரிட்டர்னில் திருப்பியிருப்பார்கள், டாலியில் பதிவு இருக்காது. அப்போது புத்தகத்தில் "உள்ளீட்டு வரி" சொத்து என்று ஒரு தொகை வருடக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும். போர்ட்டலின் மார்ச் 31 கிரெடிட் லெட்ஜரோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் பிடிபடும்.

புது மெஷின் வாங்கினால் உள்ளீட்டு வரி எடுத்த பாகத்தைச் சொத்து விலையில் சேர்க்கக் கூடாது. சேர்த்துத் தேய்மானமும் போட்டால் வரிக் கிரெடிட் மறுக்கப்படும். பில் தேதியைப் பார்த்தும் தேய்மானம் போடாதீர்கள், ஓட ஆரம்பித்த தேதி வேண்டும். வருமான வரியில் (லீப் வருடம் இல்லாவிட்டால்) அக்டோபர் 4ஆம் தேதியோ அதன் பிறகோ ஓட ஆரம்பித்தால் 180 நாள் வராது, பாதி வீதம்தான்.

---

மண்டி_கணக்கு எழுதியது:

வைகைக்கரை தம்பி, பூ கமிஷன் கடைக்கு ஒரு தனி வகுப்பே வைங்க. பிள்ளைக நேரா பேங்க்ல வந்த மொத்தப் பணத்தையும் விற்பனைன்னு போட்டுட்டு, டர்ன்ஓவர் வரம்பைத் தாண்டிருச்சு, 44ஏபி வரி ஆடிட் வேணும்னு வந்து நிப்பாங்க.

முதல்ல கேக்க வேண்டியது: பூவோட சொந்தக்காரர் யாரு? நிலக்கோட்டை, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்க விவசாயி பூவைக் கொண்டாந்து போடுறாரு. கடைக்காரர் அவர் சார்பா வித்து, கமிஷன் புடிச்சுட்டு மிச்சத்தைக் கொடுக்கிறாரு. விலை ஏறினாலும் இறங்கினாலும் விவசாயிக்குத்தான். இப்படின்னா டர்ன்ஓவர் கமிஷன் மட்டும்தான். மாறா, கடைக்காரரே விலை பேசி வாங்கி, தன் லாப நட்டத்துல விக்கிறாருன்னா முழு விற்பனையும் டர்ன்ஓவர். இது 1986 மார்ச் 17ஆம் தேதி நேரடி வரி வாரியச் சுற்றறிக்கை 452லயே இருக்கு, கச்சா ஆடத்தியா (கமிஷனுக்கு விக்கிறவர்), பக்கா ஆடத்தியா (தானே வாங்கி விக்கிறவர்)ன்னு பிரிச்சுச் சொல்லியிருக்காங்க.

ஆதாரம் என்னன்னா விவசாயிக்குக் கொடுக்கிற சீட்டு. அதுல எடை, வித்த விலை, கமிஷன், சுமை கூலி, நிகரம் தனித்தனியா இருக்கணும். சீட்டுல வெறும் "மல்லி 12 கிலோ, இவ்வளவு ரூபாய்"ன்னு இருந்தா அது கொள்முதல் மாதிரிதான் தெரியும். ஒரே கடையில ரெண்டும் நடக்கும். மதுரை மல்லியைக் கமிஷன்ல விப்பாங்க, ஓசூர் ரோஜாவை வாங்கி விப்பாங்க. அதனால லெட்ஜரை ரெண்டாப் பிரிக்கணும்.

விவசாயிக்கு முன்பணம் கொடுத்து வைக்கிறது உண்டு. அது கடனாளி இல்ல, முன்பணம். பூ வரத்துல கழிஞ்சுட்டே வரும். மார்ச் 31ல நிக்கிற முன்பணத்துக்கு ஏப்ரல், மே சீட்டுல கழிஞ்சிருக்கான்னு பாருங்க. ரொக்கமா 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கடன், டெபாசிட் வாங்கினா வருமான வரிச் சட்டம் 269எஸ்எஸ் இடிக்கும், அதையும் கவனிக்கணும்.

---

வைகைக்கரை எழுதியது:

அண்ணே, இது மிகவும் தெளிவு. பங்குதாரர் நிறுவனத்தில் (பார்ட்னர்ஷிப்) மூலதனக் கணக்கை ரெவ்யூ செய்யும்போது என்னென்ன பார்க்கச் சொல்வது?

---

தல்லாகுளம்_ஜிஎஸ்டி எழுதியது:

கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். சம்பளமும் வட்டியும் பத்திரத்தில் இருந்தால்தான் கழிக்கலாம். வட்டி உச்சம் 12%. சம்பளத்துக்கு 2024-25 நிதியாண்டு முதல் வரம்பு மாறியிருக்கிறது: புத்தக லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு 90% அல்லது 3 லட்சம், எது அதிகமோ அது. அதற்கு மேல் 60%. புத்தக லாபம் 10 லட்சம் என்றால் 5.4 + 2.4 = 7.8 லட்சம். பழைய எக்செல் ஷீட்டில் முதல் 3 லட்சம் என்றே சூத்திரம் நிற்கிறது, அதை மாற்றுங்கள்.

இதைவிட அவசரமானது 1961 வருமான வரிச் சட்டத்தின் 194டி (194T). 2025 ஏப்ரல் 1 முதல் பங்குதாரருக்குத் தரும் சம்பளம், வட்டி, கமிஷன், போனஸ் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 20,000 தாண்டினால் 10% டிடிஎஸ். மூலதனக் கணக்கில் வரவு வைத்தாலே பிடித்தம் வரும், பணம் கொடுக்க வேண்டியதில்லை. நம் ஊர் வழக்கம் செப்டம்பரில் கணக்கை முடித்து மார்ச் 31 தேதி போட்டுச் சம்பளம், வட்டியை வரவு வைப்பது. அந்தத் தேதிக்கான டிடிஎஸ் ஏப்ரல் 30க்குள் கட்டியிருக்க வேண்டும். செப்டம்பரில் கட்டினால் மாதத்துக்கு 1.5% வட்டி, மேலும் நான்காம் காலாண்டு 26கியூ (டிடிஎஸ் ரிட்டர்ன்) திருத்தம்.

அதனால் வேலை அட்டவணையையே மாற்ற வேண்டும். பங்குதாரர் நிறுவனங்களுக்கு ஏப்ரல் 25க்குள் தற்காலிக லாபம் ஒன்று எடுங்கள். ஸ்டாக், பேங்க், கடன் வட்டி, தேய்மானம் இந்த நான்கும் சரியாக இருந்தால் போதுமான நெருக்கத்தில் வந்துவிடும். அதன்மேல் சம்பளம், வட்டி கணக்கிட்டு டிடிஎஸ் கட்டிவிடுங்கள். லாபப் பங்குக்கும் டிராயிங்ஸுக்கும் டிடிஎஸ் இல்லை. ஆனால் மாதாமாதம் எடுத்த பணம் சம்பளமா டிராயிங்ஸா என்று பத்திரமும் பதிவும் ஒன்றையே சொல்ல வேண்டும்.

---

சிம்மக்கல் எழுதியது:

சீனியர் எப்படி ரெவ்யூ செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் பயிற்சியில் இதற்குத்தான் இடமே இருப்பதில்லை.

முடிந்த ஒரு பேலன்ஸ் ஷீட்டில் தெரிந்தே தப்புகளை வைத்து, ஆதாரக் கோப்போடு சேர்த்துக் கொடுங்கள். எத்தனை தப்பு என்று சொல்லாதீர்கள். வைக்க வேண்டியவை நம் ஊர்க் கோப்புகளில் உண்மையாக வருபவையாக இருக்கட்டும். வாகனக் கடன் ஒன்று: தொடக்கப் பாக்கி 8,40,000, மாதத் தவணை 22,000, வருடத்துக்கு 2,64,000, பேங்க் வட்டிச் சான்று 71,400. சரியான இறுதிப் பாக்கி 6,47,400. தவணை முழுவதையும் வட்டிச் செலவில் போட்டுவிடுங்கள். கடன் 8,40,000இலேயே நிற்கும், லாபம் 1,92,600 குறையும். லாப நட்டக் கணக்கை மட்டும் பார்ப்பவர் வட்டி கூடியிருக்கிறது என்று கடந்துவிடுவார், பேங்க் சான்றைப் பார்ப்பவர் உடனே பிடிப்பார். இதைப் போல: புது மோட்டார் ரிப்பேர் கணக்கில், ஏப்ரல் 2 ஏற்றிய சரக்குக்கு மார்ச் 31 பில், அதே சரக்கு ஸ்டாக்கிலும், மூன்று மாதம் தாண்டிய செக் பேங்க் சரிபார்ப்புப் பட்டியலில் இன்னும் நிலுவையாக, முதலாளி வீட்டு மின் பில் ஆபீஸ் செலவில், ஊழியர் பங்கு பிஎஃப் ஒரு மாதம் 15ஆம் தேதி தாண்டிக் கட்டியது. கடைசியில் சொன்னது முக்கியம். 1961 வருமான வரிச் சட்டத்தின் கீழ் 2022 அக்டோபர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி ஊழியர் பங்கு ஒரு நாள் தாமதமானாலும் கழிவு நிரந்தரமாகப் போய்விடும்.

ரெவ்யூ குறிப்பு எழுதும் முறையையும் திருத்த வேண்டும். "கடனாளி பார்க்கவும்" என்று எழுதினால் வேலை செய்தவர் "பார்த்தேன்" என்று பதில் எழுதுவார், விஷயம் முடிந்துவிடும். லெட்ஜர் பெயர், தொகை, சந்தேகம் என்ன, எந்தத் தாள் வேண்டும் என்று நான்கும் இருக்க வேண்டும். "ராஜபாளையம் பார்ட்டி 3,15,000, கடைசி வரவு 2023 நவம்பர், வசூல் ஆகும் என்பதற்கு ஆதாரம் அல்லது ஒதுக்கீட்டுப் பதிவு" என்று எழுதிப் பாருங்கள், பதில் மாறும். பதிலில் கோப்புப் பக்க எண் வேண்டும். தீர்ந்த குறிப்பை எழுதியவர் மட்டுமே மூட வேண்டும், தயாரித்தவர் மூடக் கூடாது.

முக்கியத்துவ அளவு பற்றியும் ஒரு வார்த்தை. நிதிநிலை அறிக்கைக்கு வரிக்கு முந்தைய லாபத்தில் 5% அல்லது விற்பனையில் 0.5 முதல் 1% என்று வழக்கமாக எடுப்பார்கள், அது சரி. ஆனால் அதே கோப்பில் 3சிடி படிவம் (வரி ஆடிட் விவரங்கள்) இருக்கிறது. ரொக்கமாக ஒரு நாளில் ஒருவருக்கு 10,000க்கு மேல் கொடுத்த 40ஏ(3) பட்டியலில் முக்கியத்துவம் என்று எதையும் விட முடியாது. பிள்ளைகள் இரண்டையும் ஒரே அளவுகோலால் பார்க்கிறார்கள்.

---

நெல்லரவை எழுதியது:

மேடம் சொன்ன பயிற்சிக் கோப்பில் பேங்குக்குக் கொடுத்த மார்ச் ஸ்டாக் ஸ்டேட்மெண்டையும் ஒரு தாளாக வையுங்கள், வேறு தொகையோடு. ஏப்ரலில் பேங்குக்கு 1.80 கோடி ஸ்டாக், செப்டம்பர் பேலன்ஸ் ஷீட்டில் 1.35 கோடி என்றால் அந்த 45 லட்சத்துக்கு விளக்கம் கோப்பில் இருக்க வேண்டும். வரி அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். கம்பெனியாக இருந்து நடைமுறை மூலதன வரம்பு 5 கோடிக்கு மேல் என்றால், கேரோ 2020 (கம்பெனி ஆடிட் அறிக்கைக்கான அரசு உத்தரவு) பொருந்தும் இடத்தில் இந்த வித்தியாசத்தை ஆடிட்டரே அறிக்கையில் சொல்ல வேண்டும்.

---

பேரேடு_மதுரை எழுதியது:

கப்பலூர் கம்பெனிக்குச் சுருக்கமாக. ஷெட்யூல் 3 (கம்பெனிச் சட்டத்தில் பேலன்ஸ் ஷீட் வடிவம்), 2021 மார்ச் 24 திருத்தத்துக்குப் பின்: கடனாளி, கடனீந்தோர் வயதுப் பட்டியல், 11 விகிதங்கள், அதில் 25%க்கு மேல் மாறினால் காரணம், நீண்டகாலக் கடனில் அடுத்த 12 மாதத்தில் கட்ட வேண்டிய அசல் குறுகியகாலக் கடனின் கீழ். வயதுப் பட்டியலை மென்பொருளிலிருந்து நேராக எடுத்து ஒட்டாதீர்கள். அது பில் தேதியிலிருந்து எண்ணும், சட்டம் கேட்பது பணம் செலுத்த வேண்டிய தேதியிலிருந்து. பில் வாரியாகச் சரிக்கட்டாத ரசீதுகள் இருந்தால் தீர்ந்த பில் எல்லாம் மூன்று வருடப் பாக்கியாகத் தெரியும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிக்கு மாற்றங்களைப் பதிவு செய்யும் எடிட் லாக் உள்ள மென்பொருள் கட்டாயம். வருடம் முழுக்க அது அணையாமல் இருந்ததா என்று பாருங்கள்.

தனி உரிமையாளர், பங்குதாரர் நிறுவனங்களுக்கும் இப்போது இரண்டு பக்கத் தாள் போதாது. 2024 ஏப்ரல் 1 அன்றோ பிறகோ தொடங்கும் வருடங்களுக்கு ஐசிஏஐயின் கம்பெனி அல்லாதோருக்கான வழிகாட்டி வடிவம். செங்குத்து அமைப்பு, போன வருட எண்கள், குறிப்புகள். முதல் வருடம் போன வருட எண்களை மறுபடி வகைப்படுத்துவதுதான் நேரம் பிடிக்கும், அதை ஜூனிலேயே செய்து வைத்துவிடுங்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: கையெழுத்துக்கு முன் தேதிகளில் எதைக் கவனிக்க வேண்டும்? சென்ற முறை பியர் ரெவ்யூ (நம் ஆடிட் கோப்புகளை வேறொரு சிஏ வந்து சரிபார்ப்பது) பற்றிப் பேசும்போது தேதி வரிசையைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்றார்கள்.

---

சிம்மக்கல் எழுதியது:

ஆமாம், பார்ப்பார்கள். முதலில் கிளையண்ட் தரப்பு நிதிநிலை அறிக்கைக்கு ஒப்புதல் தந்து கையெழுத்திட வேண்டும், கம்பெனி என்றால் போர்டு கூட்டத் தேதி. நிர்வாக உறுதிமொழிக் கடிதத்தின் தேதி ஆடிட் அறிக்கைத் தேதியாகவோ அதற்கு மிக அருகில் முன்னதாகவோ இருக்க வேண்டும், பின்னால் வரக் கூடாது. ரெவ்யூ குறிப்புகள் மூடிய தேதிகள் எல்லாம் அறிக்கைத் தேதிக்கு முன்னால். ஏப்ரலுக்குப் பிறகு நடந்தவற்றை அறிக்கைத் தேதி வரை பார்த்ததற்கு ஒரு தாள்: கடைசியாகப் பார்த்த பேங்க் ஸ்டேட்மெண்ட், பெரிய கிரெடிட் நோட்டுகள், வழக்கு நோட்டீஸ். யுடிஐஎன் (ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஐசிஏஐ தளத்தில் எடுக்கும் தனி எண்) கையெழுத்துத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் எடுக்கலாம், ஆனால் அன்றே எடுத்துவிடுவதுதான் நல்லது. அதில் கொடுக்கும் விற்பனை, லாப எண்கள் கையெழுத்தான தாளோடு ரூபாய்க்கு ரூபாய் ஒத்திருக்கிறதா என்று தயாரித்தவரும் ரெவ்யூ செய்தவரும் இருவருமே பார்க்கட்டும். எஸ்ஏ 230 (ஆடிட் ஆவணங்களுக்கான தரநிலை) படி கோப்பை அடுக்கி மூட அறிக்கைத் தேதியிலிருந்து 60 நாள். மூடிய பிறகு ஒரு தாளையும் எடுக்கக் கூடாது, சேர்த்தால் யார், எப்போது, ஏன் என்று எழுத வேண்டும். ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும்.

உங்கள் பயிற்சிக் கோப்பு தயாரானதும் இங்கே போடுங்கள். வாகனக் கடன், ஸ்டாக் இரண்டு தாளையும் நான் சரிபார்த்துத் தருகிறேன்.